தாராவித் தோலும் தமிழர் கையும்

காஞ்சிக்குப் பட்டு, மதுரைக்குச் சுங்குடி, பத்தமடைக்குப் பாய், திண்டுக்கல்லுக்குப் பூட்டு என ஊரையும் பொருளையும் இணைத்துப் பேசுவது தமிழ் மக்களின் நெடுநாள் வழக்கம். ஒரு பொருளோடு ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டால் அதைச் செய்தவர்க்கும் ஒரு மதிப்பு வந்து சேர்கிறது. விலையும் சற்றே உயர்கிறது; வாங்குவோர் நெஞ்சிலும் ஒரு பெருமிதம் தோன்றுகிறது. ஆனால் தமிழர் கைபட்டு வளர்ந்த ஒரு தொழில், நூறாண்டுக்கு மேலாக ஒரு பெருநகரின் நடுவே நடந்து வந்தும், தன் பெயரைத் தன் பொருளின்மேல் பொறிக்கும் பேற்றைப் பெரும்பாலும் பெறாமலே இருந்து வந்திருக்கிறது. மும்பை மாநகரில் தாராவியில் நடைபெறும் தோல் தொழிலே அது. ஆடவர் இடையில் அணியும் பெல்ட், சட்டைக்குள் வைக்கும் பணப்பை, அலுவலகத்திற்கு எடுத்துச் செல்லும் தோற்பை, காலில் பூணும் காலணி ஆகியவற்றை ஒட்டி அத்தொழிலின் வரலாற்றை நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

ஆடை அணிகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நாம் பெரும்பாலும் மகளிரின் பட்டையும் பொன்னையுமே நினைக்கிறோம். ஆடவர் கோலத்தைப் பற்றி நினைத்தாலும் வேட்டியின் கரையும் அங்கவஸ்திரத்தின் மடிப்பும் நினைவுக்கு வருமேயன்றித் தோல் நினைவுக்கு வருவதில்லை. ஆயினும் தமிழில் தோற்பொருளுக்கு உள்ள சொல்வளம் சிறிதன்று. சங்க நூல்களில் காலணிக்குத் 'தொடுதோல்' என்னும் அழகிய சொல் வழங்குகிறது. சிலப்பதிகாரம், புகார் நகரத்துக் கைவினைஞரை வரிசைப்படுத்தும் இடத்தில், துணி தைப்பாரோடு தோல் தைப்பாரையும் சேர்த்தே கூறுகிறது. செருப்பு என்னும் சொல்லும் பழமையானதே. பின்னர் முகம்மதியர் ஆட்சியையும் வணிகத்தையும் ஒட்டிப் 'பாப்பாசு' வந்தது, 'ஜோடு' வந்தது, ஆங்கிலேயரோடு 'பூட்ஸ்' வந்தது. வந்த சொல் ஒவ்வொன்றுக்கும் தமிழ்மொழி இடம் கொடுத்தது. ஆனால் அப்பொருளைச் செய்தவனுக்குத் தமிழ்ச் சமுதாயம் ஊருக்குள்ளே இடம் கொடுக்கவில்லை. செருப்பை விரும்பி, அதைத் தைத்தவனை விலக்கி வைத்த அந்த முரண்பாடு, நாம் காணப்போகும் வரலாறு முழுவதிலும் ஊடுபாவாக ஓடுகிறது.

மும்பையின் நில அமைப்பைச் சிறிது நினைவிற் கொள்ளவேண்டும். மேற்கு இருப்புப் பாதையில் மாகிம் நிலையம். மத்திய இருப்புப் பாதையில் சயான் நிலையம். இவ்விரண்டுக்கும் இடையே முக்கோண வடிவில் அமைந்த நிலப்பரப்பே தாராவி. மத்திய இருப்புப் பாதைக்குக் கிழக்கே, தாராவிக்கு அணித்தாக, மாட்டுங்கா. வடகிழக்கே சற்றுத் தொலைவில் செம்பூர். இம்மூன்றும் மும்பைத் தமிழரின் முப்பெரும் குடியிருப்புகள். ஒன்றுக்கொன்று மிக அருகில் இருந்தும், இவற்றின் மக்கள் ஒருவரையொருவர் அறிந்து பழகியது குறைவு. மாட்டுங்காவையும் தாராவியையும் பிரிப்பது சில தண்டவாளங்களே. எனினும் அத்தண்டவாளங்களைக் கடப்பது கடலைக் கடப்பதினும் அரிதாக இருந்த காலம் ஒன்று உண்டு.

தாராவி தொடக்கத்தில் மீனவர் ஊர். பம்பாய்த் தீவின் பெரிய கோலிவாடாக்கள் ஆறனுள் ஒன்றாக அதனை 1909-ஆம் ஆண்டின் பம்பாய் அரசிதழ்த் தொகுப்பு குறிப்பிடுகிறது. ஊரைச் சுற்றிலும் சதுப்பு நிலம். மாகிம் கழியின் உப்பு நீர். அக்கழிக்கரையில் 1737-ஆம் ஆண்டில் ஆளுநர் ஜான் ஹார்ன் ஆணையால் எழுந்த சிறு கோட்டை இன்றும் சிதைந்த நிலையில் நிற்கிறது. மக்கள் அதனைக் 'காலா கில்லா' என்பர். கருங்கோட்டை என்பது அதன் பொருள். பம்பாய் பெருகப் பெருக, நகர் விரும்பாத தொழில்கள் அனைத்தும் இந்த எல்லைப்புறத்துக்குத் தள்ளப்பட்டன. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் புகை எழும் சூளைகளோடு இங்கே குடியேறினர். அவர்கள் பகுதியே கும்பார்வாடா. ஆடுமாடுகளை அறுக்கும் கூடம் கழிக்கு அப்பால் பாந்த்ராவில் அமைந்திருந்தமையால், தோல் பதனிடுவோர்க்குத் தாராவி மிகவும் ஏற்ற இடமாயிற்று. பச்சைத் தோல் அருகிலேயே கிடைத்தது. கழுவ நீர் இருந்தது. கழிவை ஏற்கச் சதுப்பு இருந்தது. நாற்றத்தைக் குறித்து முறையிடச் செல்வர் எவரும் அங்கில்லை. தாராவியில் முதல் தோல் பதனிடும் சாலை 1887-இல் தோன்றியதாகக் கூறுவர். பெரிய மசூதி எழுந்ததும் அதே ஆண்டில் என்பர்.

அத்தொழிலை அங்கே வளர்த்தவருள் முதன்மையானவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம் வணிகர்கள். அவர்கள் கொண்டு சென்ற முதலில் பணம் ஒரு பகுதி. தோலைப் பற்றிய அறிவு மற்றொரு பகுதி. பச்சைத் தோலைத் தடவிப் பார்த்தே அதன் தரத்தையும் குறையையும் உரைக்கும் திறன் அது. குழிகளில் இறங்கி உழைக்கச் சென்றவரோ பெரும்பாலும் திருநெல்வேலிப் பகுதியின் ஆதிதிராவிட மக்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின் நினைவு மாறாத காலம் அது. நிலமில்லாதவனுக்கு ஊரில் கூலியும் இல்லை, மதிப்பும் இல்லை. பம்பாயில் கூலியாவது இருந்தது. அங்கே அவர்கள் கூட்டமாக வாழ்ந்து, சங்கம் அமைத்து, கோயில் எடுத்தனர். தாராவியின் பிள்ளையார் கோயில் 1913-இல் கட்டப்பெற்றது. தமிழ்ப்பள்ளி 1924-இல் தோன்றியது. தோல் நாற்றம் வீசும் தெருவில், கூலியிலிருந்து காசு சேர்த்துப் பள்ளி கண்ட அம்மக்களின் ஊக்கம், தமிழர் வரலாற்றில் பொன்னெழுத்துக்களாற் பொறிக்கத் தக்கதன்றோ?

இனி, அவர்கள் செய்த வேலை எத்தகையது என்று பார்ப்போம். தோல் பதனிடுதல் என்பது அழியும் பொருளை அழியாப் பொருளாக்கும் கலை. உரித்த தோல் ஒரு நாள் கிடந்தால் அழுகத் தொடங்கும். ஆதலால் முதலில் உப்பிட்டுக் காப்பர். பிறகு நீரில் ஊறவைத்து உப்பையும் அழுக்கையும் போக்குவர். அதன்பின் சுண்ணாம்புக் குழியில் சில நாள் கிடத்துவர். மயிர்க்கால்கள் தளர்ந்து மயிர் கழன்றுவிடும். வளைந்த கத்தியால் உட்புறத்துச் சவ்வையும் கொழுப்பையும் சீவி எடுப்பர். கத்தி ஒரு நூலளவு ஆழ இறங்கினாலும் தோல் கெட்டது. சுண்ணாம்பு நீங்கக் கழுவிய பின்னரே பட்டைச்சாறு ஏற்றும் வேலை தொடங்கும். தமிழ்நாட்டின் வறண்ட நிலங்களில் மஞ்சட் பூவோடு விளங்கும் ஆவாரஞ் செடியின் பட்டையே அதற்கு உயிர். முதலில் மெலிந்த சாறு, பிறகு செறிந்த சாறு என ஒரு தொட்டியிலிருந்து மற்றொரு தொட்டிக்குத் தோலை மாற்றிக்கொண்டே வருவர். சாறு மெல்ல மெல்ல ஊறித் தோலின் நரம்புகளைப் பற்றிக்கொள்ளும். இறுதியில் கடுக்காய் நீரில் இட்டு நிறத்தை வெளுப்பித்து, எண்ணெய் தடவி, நிழலில் உலர்த்துவர். எல்லாம் முடிய ஒரு திங்களுக்கு மேலாகும். இதில் அவசரத்துக்கு இடமில்லை. முதலில் செறிந்த சாற்றில் இட்டால் மேற்புறம் மட்டும் இறுகி, உள்ளே பச்சையாகவே நின்றுவிடும்.

இம்முறையில் சென்னை மாகாணத்தில் பதனிட்ட தோல் 'ஈஸ்ட் இந்தியா தோல்' என்னும் பெயரால் இலண்டன் ஏலச் சந்தையில் புகழ் பெற்றது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டி சூசா என்னும் யூரேசியர் சென்னையில் இம்முறையைச் செப்பஞ்செய்து பரப்பியதாகக் கூறுவர். முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படைவீரரின் பூட்ஸுகளுக்கு மேற்தோலாக இத்தோலே பேரளவில் பயன்பட்டமையால், அரசாங்கமே இதன் கொள்முதலைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. சென்னையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் பதனிட்ட தோல் கப்பல் ஏறியது. ஐரோப்பியப் போர்க்களத்துச் சேற்றில் நடந்த காலணிகள் பலவற்றில் ஆவாரம்பட்டையின் சாறு ஊறியிருந்தது என்பதை எண்ணுங்கால் வியப்புத் தோன்றுகிறது. போர்த்தேவை பம்பாயின் தொழிலையும் வளர்த்தது. படைக்குக் கூடாரமும் காலணியும் வழங்கிய பெருவணிகரான சர் ஆதம்ஜி பீர்பாய் சயான் பகுதியில் காலணித் தொழிற்சாலை நடத்தியவர். அக்காலத்துத் தாராவி, படையின் தேவைக்கும் பெருஞ் சந்தைக்கும் பணிபுரியும் இடமாக இருந்தது. தனி மனிதரின் அழகுணர்ச்சிக்குப் பணிபுரியும் இடமாக இன்னும் மாறவில்லை.

இதற்கிடையே விஞ்ஞானம் குறுக்கிட்டது. சென்னை அரசாங்கத்தில் பணியாற்றிய ஆல்பிரட் சாட்டர்டன் 1903-ஆம் ஆண்டையொட்டிக் குரோம் உப்பினால் தோல் பதனிடும் முறையைச் சோதித்தார். கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கவலைச் சாலுக்கு விரைவில் மக்காத தோல் வேண்டும் என்பது அவர் நோக்கங்களுள் ஒன்று. உழவனின் கவலையை ஒட்டி எழுந்த அச்சோதனை, பின்னர் நகரத்தானின் காலணியை மாற்றியமைத்தது. பல்லாவரத்தையடுத்து ஜி. ஏ. சேம்பர்ஸ் நிறுவிய குரோம் தோல் கம்பெனியால் அவ்விடத்துக்குக் குரோம்பேட்டை என்றே பெயர் வழங்கலாயிற்று. ஒரு திங்களில் முடிந்த வேலை சில நாளில் முடிந்தது. 1948-இல் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அடிக்கல் பெற்றது. டாக்டர் நாயுடம்மாவின் தலைமையில் அது உலகறிந்த நிலையமாக வளர்ந்தது.

தோலை அணிந்தவர் பக்கம் இப்போது திரும்புவோம். 1896-இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின்னர் நிறுவப்பெற்ற நகர் மேம்பாட்டு அமைப்பு, தாதர், மாட்டுங்கா நிலங்களைச் சீர்செய்து அகன்ற வீதிகளை வகுத்தது. அங்கே தென்னாட்டுக் குடும்பங்கள் திரளாகக் குடியேறின. தஞ்சை, திருச்சி, பாலக்காடு முதலிய இடங்களிலிருந்து சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கற்ற இளைஞர் இரயிலேறி வந்தனர். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கே தோன்றியது. அவ்விளைஞரின் முன்னோர் பஞ்சகச்சமும் மூடிய கழுத்துக் கோட்டும் தலைப்பாகையும் அணிந்து அலுவலகம் சென்றவர்கள். பிள்ளைகளோ கால்சட்டைக்கு மாறினர். 1950-களில் புஷ் சட்டையும் அதன்பின் டெரிலீனும் வந்தன.

ஆடை மாறியபோது தோலின் தேவையும் மாறியது. வேட்டிக்கு இடைமுடிச்சே போதும். உழைப்பாளி வேண்டுமானால் அகன்ற பச்சை பெல்ட்டைக் கட்டிக்கொள்வான். கால்சட்டைக்கோ பெல்ட் இன்றியமையாதது. வேட்டியில் பணத்தை மடியில் முடிந்துகொள்ளலாம். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்னும் பழமொழியும் அதிலிருந்தே பிறந்தது. கால்சட்டை அணிந்தவனுக்கு மடி இல்லை. ஆகவே பணப்பை வேண்டியதாயிற்று. அலுவலகத் தாள்களுக்குத் தோற்பை வேண்டும். நேர்முகத் தேர்வுக்குப் பளபளக்கும் காலணி வேண்டும். வடநாட்டில் வேலைக்குச் சென்ற தமிழ் இளைஞன் முதற்சம்பளத்தில் வாங்கிய பொருள்களுள் தோற்பொருள் ஒன்றேனும் இருந்திருக்கும். அது மரியாதையின் அடையாளம். அத்தோலை இருப்புப் பாதைக்கு அப்பால் இன்னொரு தமிழன் சுண்ணாம்புக் குழியில் நின்று உருவாக்கியிருக்கக்கூடும் என்னும் எண்ணம் அணிந்தவனுக்கு எழுந்ததா? எழுந்திருந்தாலும் அவன் அதை வாய்விட்டுக் கூறியிரான். பதனிட்ட தோலைத் தொடலாம், பதனிட்டவனைத் தொடலாகாது என்று கருதிய காலம் அது. பிறந்த ஊரின் சேரிக்கும் தெருவுக்கும் இடையே இருந்த கோடு, ஆயிரம் மைல் கடந்து வந்து இருப்புப் பாதையாகப் படிந்துகொண்டது.

1966-க்குப் பின்னர்ப் பம்பாயில் தென்னாட்டாருக்கு எதிரான கிளர்ச்சி எழுந்தபோது, எழுத்தர் தமிழரும் தொழிலாளத் தமிழரும் ஒரே பெயரால் ஏசப்பெற்றனர். வெளியார் பார்வையில் இருவரும் ஒருவரே. துன்பம் கற்பித்த அந்த ஒற்றுமை, துன்பம் தணிந்தபின் நீடிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1970-களில் தாராவித் தொழிலின் முகம் மாறியது. 1971-இல் அறுப்புக்கூடம் பாந்த்ராவிலிருந்து செம்பூருக்கு அடுத்த தேவ்னாருக்கு மாற்றப்பெற்றது. 1973-இல் இந்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கும் அளவு வகுத்தது. தோலாக அனுப்பாமல் பொருளாகச் செய்து அனுப்புக என்பதே அக்கொள்கையின் கருத்து. பின்னர், நகரின் நடுவே பதனிடும் சாலைகள் இருத்தல் ஆகாதென்று முடிவாகி, பெரும்பாலானவை தாராவியை விட்டு வெளியேறின. குழிகள் மறைந்தன, ஆனால் கைகள் மறையவில்லை. பதனிட்டவரின் மக்கள், வெட்டுவோரும் தைப்போருமாக மாறினர். உத்தரப் பிரதேசம், பீகார், மராட்டிய நாட்டுத் தொழிலாளரும் வந்து சேர்ந்தனர். உப்பிட்ட தோல் சென்னைக்குச் செல்வதும், அங்கே பதனிட்டு முடித்த தோல் தாராவிக்கு வருவதும் வழக்கமாயின. காலா கில்லாவையொட்டிய சாலையில் தோற்பொருட் கடைகள் வரிசையாக எழுந்தன.

அத்தகைய பட்டறை ஒன்றின் அமைப்பைக் கூறுகிறேன். பெரும்பாலும் ஓர் அறை; ஏணி வைத்து ஏறும் ஒரு மாடி. ஒருவர் முழுத்தோலை விரித்து வெளிச்சத்தில் பார்த்து, தழும்பும் துளையும் விலக்கிக் கோடிடுவார். இவரே பட்டறையின் மூளை. முதுகுப் பகுதித் தோல் உறுதி மிக்கது; பெல்ட்டுக்கு அதுவே உரியது. வயிற்றுப் பகுதி இழுபடும்; அதைப் பெல்ட்டாக்கினால் ஓராண்டில் வளைந்து நெளிந்துவிடும். அடுத்தவர் ஓரத்தைச் சீவி மெலிதாக்குவார். இன்னொருவர் பசையிட்டு மடிப்பார். அதற்கடுத்தவர் தைப்பார். இறுதியாக ஓரத்துக்குச் சாயமும் மெழுகும் ஏற்றித் தேய்த்து மெருகிடுவர். நல்ல கைத்தையலில் மெழுகு பூசிய ஒரு நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, குத்தூசியால் இட்ட ஒரே துளையில் இருபுறமிருந்தும் செலுத்துவர். ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். இயந்திரத் தையலில் ஒரு கண்ணி அறுந்தால் வரிசையே பிரியத் தொடங்கும்.

வாங்குவோரும் இவற்றை அறிந்திருத்தல் நலம். நல்ல தோலின் மேற்பரப்பில் மயிர்க்கால்களின் நுண்புள்ளிகள் தெரியும். அவை ஒரே ஒழுங்கில் அச்சடித்தாற்போல இரா. வளைத்தால் மெல்லிய சுருக்கம் தோன்றி, விட்டால் மறையும். ஓரத்தை உற்றுப் பார்த்தால் ஒரே பொருளாக இருக்கும். அடுக்கடுக்காக ஒட்டிய தூளாக இராது. பட்டைச்சாற்றில் பதனிட்ட தோல், கைபடக் கைபட நிறம் ஆழ்ந்து அழகு மிகும். பழமையால் மதிப்புக் கூடும் பொருள்கள் உலகில் சிலவே. நல்ல தோற்பொருள் அவற்றுள் ஒன்று. தந்தையின் பெல்ட்டில் புதிய கொக்கி மாட்டி மகன் அணிவது, இன்று மேனாடுகளில் பெருமையாகக் கருதப்படுகிறது.

இவ்விடத்தில்தான் பெயரைப் பற்றிய வழக்கு எழுகிறது. தாராவியில் தைத்த பைகளும் பெல்ட்டுகளும் பல, பிற நிறுவனங்களின் முத்திரையோடு பெருங்கடைகளிலும் வெளிநாடுகளிலும் விலையாகின்றன. முத்திரைக்கு விலை உண்டு. கைக்குக் கூலி மட்டுமே. இதற்கு அண்மைக் காலத்துச் சான்று ஒன்று, தாராவிக்குத் தெற்கேயுள்ள கோலாப்பூரிலிருந்து கிடைக்கிறது. கோலாப்பூர்ச் செருப்பு, எருமை முதலியவற்றின் தோலைக் கருவேலம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டு, ஆணியின்றித் தோல்வாரினாலேயே தைப்பது. 2019-இல் மகாராஷ்டிரத்தின் நான்கு மாவட்டங்களுக்கும் கருநாடகத்தின் நான்கு மாவட்டங்களுக்கும் உரியதாகப் புவிசார் குறியீடு பெற்றது. 2025 ஜூனில் இத்தாலி நாட்டு மிலான் நகரில் நடந்த ஆடவர் ஆடைக் காட்சியில், பிராடா நிறுவனம் அதனையொத்த செருப்புகளை, அவற்றின் பிறப்பிடத்தைக் கூறாமலே காட்டியது. இந்தியாவில் எதிர்ப்பு எழுந்தது. இந்தியக் கைவினைக் காலணியே தமக்குத் தூண்டுதல் என அந்நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில் இரு மாநிலத் தோல்தொழில் கழகங்களுடனும் உடன்படிக்கை செய்துகொண்டது. பெயர் இருந்தமையால் கோலாப்பூர் கேள்வி கேட்க முடிந்தது. பெயரில்லாத் தாராவிப் பெல்ட் யாரிடம் சென்று முறையிடும்?

கோலாப்பூர்ச் செருப்பைத் தைக்கும் மக்கள் தங்கள் முன்னோராகப் போற்றுபவருள் ஹரளய்யா ஒருவர். 12-ஆம் நூற்றாண்டில் கல்யாணத்தில் பசவண்ணரின் அடியவராக விளங்கிய செம்மான் அவர். தம் தொடைத்தோலையும் மனைவியின் தொடைத்தோலையும் எடுத்துப் பசவண்ணருக்குச் செருப்புத் தைத்தாரென்று வரலாறு கூறும். தம் மகனுக்கு அந்தணர் குலப் பெண்ணை மணமுடித்த காரணத்தால் அவர் கொல்லப்பட்டார் என்றும் கூறும். தோல்வினைஞன் கைப்பொருளை ஏற்ற உலகம், அவன் உறவை ஏற்க மறுத்த கதை அது. எண்ணூறு ஆண்டு கழிந்தும் அதன் பொருள் பழையதாகிவிடவில்லை.

பெயர் தேடும் முயற்சி தாராவியிலும் தொடங்கியிருக்கிறது. 2015-இல் மகாராஷ்டிர அரசின் சட்டம் காளை, எருது ஆகியவற்றின் அறுப்பையும் தடுத்தபோது, மாட்டுத்தோல் வரவு குறைந்து பட்டறைகள் பல தளர்ந்தன. அதன்பின் சுதீர் ராஜ்பர் என்னும் கலைஞர், வேலை இழந்த தோல்தொழிலாளரோடு சேர்ந்து, பழைய ரப்பரை மறுபடி பயன்படுத்திப் பைகள் செய்யலானார். அப்பொருள்களுக்குச் 'சமார்' என்றே பெயரிட்டார். வடநாட்டில் வசையாக வழங்கிய குலப்பெயரைப் பெருமைக்குரிய முத்திரையாக்கிய துணிவு பாராட்டத்தக்கது. தமிழ்நாட்டின் ஈஸ்ட் இந்தியா தோலும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

பெருமையைப் பேசும்போது அதன் நிழலையும் மறைத்தலாகாது. குரோம் முறையின் கழிவு, வேலூர்ப் பகுதியில் பாலாற்று நீரையும் நிலத்தையும் கெடுத்தது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்யவேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டியது. குழியில் நின்று உழைத்தவரின் காலையும் கையையும் சுண்ணாம்பு அரித்த துன்பத்துக்கு மட்டும் எவரும் ஈடு கட்டவில்லை. பழமையின் அழகைப் போற்றும் நாம், பழமையின் வேதனையையும் சேர்த்தே நினைவிற் கொள்வதுதான் நேர்மை.

இன்று தாராவியே ஒரு பெரும் மாற்றத்தின் வாயிலில் நிற்கிறது. 2004-இல் அரசு ஒப்புதல் தந்த மறுசீரமைப்புத் திட்டம் பலமுறை தடைப்பட்டு, 2022 நவம்பரில் நடந்த ஏலத்தில் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. 2000 ஜனவரி முதல் நாளுக்கு முன்னரே தரைத்தளத்தில் குடியிருந்தவர்க்கு அங்கேயே வீடு என்பது அடிப்படை விதி. அதன்பின் வந்தவரும், மாடியறைகளில் இருப்போரும் என்னாவர் என்பது பெருங்கவலை. நல்ல வீடும் தூய நீரும் கழிப்பிடமும் தாராவி மக்களுக்கு வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் பட்டறையின் வாழ்வு சுவரில் மட்டும் இல்லை. வெட்டுபவன் ஒரு தெருவில், கொக்கி விற்பவன் மறு தெருவில், தைப்பவன் அடுத்த சந்தில், வாங்குபவன் காலா கில்லாச் சாலையில் என்று நடந்து எட்டும் தூரத்தில் யாவும் அமைந்திருப்பதே அத்தொழிலின் உயிர்நிலை. அப்பின்னலை அறுத்து, வீட்டை ஓரிடத்திலும் தொழிலை வேறிடத்திலும் வைத்தால், ஒரு கண்ணி அறுந்த இயந்திரத் தையலின் கதியே நேரும்.

நேயர்களே! தில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் மும்பையிலும் வாழும் நீங்கள், பிறந்த ஊரை விட்டுப் பிழைக்கச் சென்றவரின் அருமையை அறிந்தவர்கள். நம் சங்கங்களின் மலர்களிலே பாடகர் பெயரும் புலவர் பெயரும் அறநிலையம் கண்ட செல்வர் பெயரும் இடம்பெறுகின்றன. அவை இடம்பெறத் தக்கவையே. அவற்றோடு, தோலைப் பதனிட்ட முதியோரின் வாய்மொழியும் இடம்பெறவேண்டும். எந்தக் குழி எங்கிருந்தது, எந்தப் பட்டை எந்த ஊரிலிருந்து வந்தது, கூலி எவ்வளவு, முதற் பட்டறையை எவர் வைத்தார் என்பவற்றைச் சொல்லக்கூடியோர் இன்னும் சிலர் உள்ளனர். அவர்கள் பேச்சைக் கேட்டுப் பதிவு செய்ய ஓர் இளைஞனுக்குச் சில மாலைப்பொழுதுகள் போதும். கட்டடங்கள் இடிந்தபின் அதைச் செய்ய இயலாது.

மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் தாராவிக்குச் செல்லும் வழி நெடிதன்று. அங்கே சென்று ஒரு பெல்ட்டை வாங்கும்போது, அதன் விலையைக் கேட்பதோடு, அதைத் தைத்தவர் பெயரையும் ஊரையும் ஒருமுறை கேளுங்கள். தைத்தவர் பெயரை உள்மடிப்பிலே பொறித்துத் தருமாறும் கடைக்காரரிடம் வேண்டுங்கள். வாங்குவோர் கேட்கத் தொடங்கினால் விற்போர் பொறிக்கத் தொடங்குவர். அந்நாளில்தான் காஞ்சிப் பட்டு, பத்தமடைப் பாய் என்பது போலத் தாராவித் தோல் என்னும் பெயரும் மதிப்போடு வழங்கும்.